தானாக எரியும் விளக்கும் தானே ஏற்றும் விளக்கும்

வழக்கம்போல் இவ்வாண்டும் மலர்க்குழுவினர் அடியேனிடம் வரவு செலவு அறிக்கையைத்தான் கேட்டிருந்தனர். அது இம்மலரின் வேறொரு பக்கத்தில் உள்ளது. அதன் அடியில் "வெளிநாடுவாழ் எம்மூர் அன்பர்கள் வழங்க முன்வந்த மின்சாதன உபயம் – தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது" என ஒரு வரி காணப்படும். ஏன் ஒத்திவைத்தீர்கள் என்று வீதியிலும் சந்தையிலும் பலர் என்னைக் கேட்டுவிட்டனர். கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இத்தகைய விடயம் எழுதுவது சற்றுக் கடினமே. எனினும் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னர் அடியார்கள் இதனை ஆறுதலாகச் சிந்திக்க வேண்டும் என்பதால் எழுதுகின்றேன்.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சுவிஸிலும் வாழும் எமது ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து தர விரும்பியவை நான்கு. கோபுரம் முதல் வீதி வரை மின்குமிழ்கள். அவை பொழுது படும் நேரமறிந்து தாமாகவே எரியும், கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நவராத்திரிக்கு ஒரு நிறம், தைப்பொங்கலுக்கு ஒரு நிறம் என மாறும். அடுத்தது பூசையை இணையத்தில் நேரலையாகக் காட்டும் கமராக்கள். மூன்றாவது, ஆளில்லாமலே மேளமும் தாளமும் மணியும் அடிக்கும் மின் இயந்திரம். தமிழ்நாட்டிலும் எமது நாட்டிலும் பல கோவில்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். கடைசியாக, தூண்டாமணி விளக்குக்குப் பதிலாக அணையாமல் எரியும் ஒரு மின்விளக்கு. இப்பொழுது வெளிநாட்டு வீடுகளிலே 'ஸ்மார்ட் ஹோம்' என்று சொல்லப்படும் வசதியை அப்படியே எமது கோவிலுக்கும் கொண்டுவரலாம் என்பது அவர்களது எண்ணம். எண்ணம் நல்லது. அதில் எவருக்கும் சந்தேகமில்லை.

கூட்டத்திலே ஒரு சாரார் இது ஆகமத்துக்கு விரோதம் என்றனர். இளைஞர்கள், ஒலிபெருக்கி வந்தபோதும் இப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்றனர். நேரம் இரவு பத்து மணியாகிவிட்டது. கேட்கவேண்டிய கேள்வியை எவரும் கேட்காமலே கூட்டம் கலைந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். கையெழுத்துப் பிரதி போய்த் தட்டச்சு வந்தது; தட்டச்சு போய்க் கணினி வந்தது. நாங்கள் எதிர்க்கவில்லை. எதிர்க்க வேண்டிய காரணமும் இருக்கவில்லை. கடிதம் உரியவரிடம் போய்ச் சேர்ந்தால் அலுவலகத்தின் கடமை முடிந்தது. அதைக் கை எழுதியதா இயந்திரம் எழுதியதா என்று ஓய்வூதியம் எதிர்பார்த்திருப்பவர் கேட்பதில்லை. ஆனால் கோவிலில் ஒரு விளக்கு எரிகிறதே, அங்கே யாரிடம் எது போய்ச் சேர வேண்டும்? இதற்கு விடை கண்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும் என நினைக்கின்றேன்.

முதலில் ஒரு வாதத்தை ஒதுக்கிவிடலாம். மின்சாரத்தை நம்பமுடியாது என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சரே கூறினார். ஒரு குரங்கு இலங்கையை ஆட்டிவைத்தது இது இரண்டாம் தடவை. முதலாம் தடவை தீ வைத்து வெளிச்சமாக்கியது, இம்முறை இருட்டாக்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து வந்த தைப்பூசத்தன்றும் மின்வெட்டு இருந்தது. ஆனால் இதுவெல்லாம் மின்கலமும் சூரியசக்தித் தகடும் வாங்கினால் தீர்ந்துபோகும் குறை. காசால் தீரக்கூடிய குறையை வைத்து ஒரு தர்மப் பிரச்சினைக்கு முடிவு சொல்லக்கூடாது.

அதேபோல் புதியது என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் முடியாது. கிணற்றில் துலா போய் நீர் இறைக்கும் மோட்டார் வந்தது. அன்னதானத்துக்குத் தேங்காய் துருவும் இயந்திரம் வந்தபோது மகளிர் அணியில் எவரும் ஆகமம் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான தேங்காயை இருந்து துருவியவர்களுக்கல்லவா இடுப்பு வலி தெரியும்!

ஆகவே கேள்வி பழசா புதுசா என்பதன்று. அந்த இயந்திரம் யாருடைய கையிலிருந்து எதை வாங்கிக்கொள்கிறது என்பதே கேள்வி.

எமது பக்கத்திலே ஒலுவிலில் ஒரு வெளிச்சவீடு இருக்கிறது. வெளிச்சவீடு என்பது கடலில் நிற்பவனுக்குக் கரையைக் காட்டுவதற்காகக் கட்டப்படுவது. அந்த விளக்கை யார் ஏற்றினார், பக்தியோடு ஏற்றினாரா, சம்பளத்துக்கு ஏற்றினாரா என்று எந்த மீனவரும் கேட்கமாட்டார். தெரிந்தால் போதும். தேர்முட்டியில் இருந்து கிணற்றடி வரை நாம் போடுகின்ற விளக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை. கிழவி ஒருத்தி தடுக்கி விழாமல் இருக்கவும் பிள்ளைகள் பார்த்து மகிழவும் போடப்படுபவை. அவை தாமாக எரிந்தால் என்ன, ரொறொன்ரோவிலிருந்து ஒருவர் எரியவைத்தால் என்ன? நல்லதுதான்.

ஆனால் சந்நிதியில் ஏற்றும் விளக்கு வெளிச்சத்துக்காக ஏற்றப்படுவதன்று. இறைவனுக்கு இருட்டில்லை. இதனை எமது சமயம் மிகத் தெளிவாகவே வகுத்துள்ளது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் முதலாவதாகிய சரியை உடம்பால் செய்யும் தொண்டு. திருக்கோவிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூக்கொய்தல், மாலை கட்டுதல், விளக்கேற்றுதல் யாவும் அதற்குள் அடங்கும். அப்பர் பெருமான் உழவாரப் படையோடு கோவில் கோவிலாகச் சென்றது புல் இருப்பது இறைவனுக்கு அசௌகரியம் என்பதற்காகவா?

பெரியபுராணத்திலே விளக்குத் தொண்டு செய்தவர்களை எண்ணிப் பாருங்கள். நமிநந்தியடிகள் எண்ணெய் கிடைக்காமல் திருவாரூர்க் குளத்து நீரை வார்த்து விளக்கெரித்தார். கணம்புல்ல நாயனார் புல் அறுத்து விற்று எண்ணெய் வாங்கினார். புல் விலைபோகாத நாளில் புல்லையே விளக்காக எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமயிரையே எரித்தார். திருவொற்றியூரிலே கலிய நாயனார் எண்ணெய் வணிகர். செல்வம் எல்லாம் போய், கூலிக்குச் செக்காட்டியும் முடியாத நிலையில், தம் இரத்தத்தையே விளக்கில் வார்க்கத் துணிந்தார். இந்த மூவருக்கும் எமது அன்பர்கள் ஒரு மின்குமிழை அனுப்பியிருந்தால் அவர்களது கஷ்டம் முழுவதும் தீர்ந்திருக்கும். மூன்று நாயன்மார்களும் இல்லாமற் போயிருப்பார்கள்.

இங்கே ஓர் இளைஞர் என்னை மடக்கினார். அவர் பல்கலைக்கழகத்தில் படிப்பவர், கெட்டிக்காரர். "ஐயா, வேதாரணியத்து எலிக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்றார். நல்ல கேள்வி. திருமறைக்காட்டில் அணையப்போன விளக்கில் நெய்யைக் குடிக்க வந்த எலி, தன் மூக்கால் திரியைத் தூண்டிவிட்டது. விளக்கு சுடர்விட்டு எரிந்தது. எலிக்கு விளக்கேற்றும் எண்ணமே இல்லை. அதற்கு வேண்டியது நெய். ஆயினும் சிவபெருமான் அதனை மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியாக்கினார் என்பது தலபுராணம். எண்ணமில்லாமல் நடந்த காரியத்துக்கே பலன் உண்டென்றால், எண்ணமில்லாத இயந்திரம் ஏற்றினால் மட்டும் என்ன குறை?

இரண்டு நாள் யோசித்தேன். அந்த எலி அங்கே வந்தது. நெய்க்காகத்தான் என்றாலும் வந்தது. மூக்குச் சுட்டது எலிக்கு, மாவலியானதும் எலிதான். எங்களுடைய மின்குமிழ் ஏற்றும் விளக்கிற்கு யாருடைய மூக்குச் சுட்டது? அந்தப் பலனை யாருடைய கணக்கில் வரவு வைப்பது? சில்வண்டு போல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு கருவியின் கணக்கிலா? இப்படிச் சொன்னதும் தம்பி சிரித்தார். ஒத்துக்கொண்டாரா தெரியாது.

மற்ற மதத்தவர்கள் இதனை எவ்வாறு கையாளுகிறார்கள் என்று பார்த்தால் எமக்கும் புத்தி தெளியும். அலுவலகத்தில் என்னோடு கடமையாற்றிய முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். இப்போது ஐந்து நேரமும் தானாகப் பாங்கு சொல்லும் மணிக்கூடு வீடுகளில் இருக்கிறதே, பள்ளிவாசலிலும் அதையே வைத்தால் மோதினாருக்கு வேலையில்லையே என்றேன். அவர் சொன்னார்: "அண்ணன், மணிக்கூட்டுப் பாங்கு நித்திரையால எழும்புறதுக்கு. பள்ளியில ஆள்தான் சொல்லணும். ஒருவர் கூப்பிடணும், அப்பதானே போறது." மார்க்க அறிஞர்கள் பலருடைய கருத்தும் அதுவே, பதிவு செய்த குரல் போதாது என்பதே. எகிப்தின் கெய்ரோ நகரில் 2010 இல் பல பள்ளிவாசல்களுக்கும் ஒரே குரலை வானொலி வழியாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கேயும் அந்த நேரத்தில் உயிருள்ள ஒரு மனிதரே நின்று சொன்னார்.

யூதர்களின் வழக்கம் இன்னும் வியப்பானது. வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை அவர்களது ஓய்வுநாள். அந்நேரத்தில் தீ மூட்டுவது ஆகாது. வைதீகமானவர்கள் மின்சாரப் பொத்தானையும் தொடமாட்டார்கள். ஆகவே முன்னதாகவே நேரம் குறித்து வைக்கும் கருவிகளைப் பாவிக்கிறார்கள். விளக்கு தானாக எரிந்து தானாக அணையும். பொத்தான் அழுத்தாமலே ஒவ்வொரு மாடியிலும் நின்று போகும் மின்தூக்கிகள்கூட உண்டு. தானியங்கிக் கருவிகளை மத காரியத்துக்காக இவ்வளவு பாவிப்பவர்கள் வேறு எவரும் இருப்பார்களோ தெரியாது. அப்படிப்பட்டவர்களே, ஓய்வுநாள் பிறக்கும் முன் வீட்டுப் பெண் ஏற்றவேண்டிய விளக்கை மட்டும் கையாலேயே ஏற்றுகிறார்கள். மருத்துவமனையில் தீ கொளுத்த முடியாத நோயாளி மின்குமிழை அதற்காகப் பாவிக்கலாம் என்று அவர்களது மதகுருமார் பலர் இடம் கொடுத்திருக்கிறார்கள். அப்போதும் அந்தப் பொத்தானை அழுத்துவது நோயாளியின் விரல்.

ரொறொன்ரோவில் இருக்கும் எமது பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கற்பூரம் கொளுத்தினால் கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கிவிடுமாம். சாமி அறையில் மின்விளக்கு வைத்திருப்பது அவர்களுடைய சோம்பலால் அன்று. அவர்களைக் குறைசொல்ல இங்கிருப்போருக்கு யோக்கியதை இல்லை.

சரி, இயந்திரம் சந்நிதிக்குள்ளேயே வரக்கூடாதா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். கேரளத்திலே திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி ஸ்ரீ கிருஷ்ணன் கோவிலில் 2023 பெப்ரவரியில் ஓர் இயந்திர யானையை எழுந்தருளச் செய்தார்கள். ஏறக்குறைய 11 அடி உயரம், 800 கிலோ நிறை. மின்சாரத்தால் தலையும் காதும் துதிக்கையும் அசையும். விலங்கு நல அமைப்பாகிய பீட்டா வழங்கியது. 'இரிஞ்ஞாடப்பிள்ளி ராமன்' என்று பெயரும் வைத்தார்கள். சிலர் கேலி செய்தனர். எனக்கோ அது பெரிய தர்மமாகவே பட்டது. தீவட்டிக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவில் காலில் சங்கிலியோடு நிற்கும் ஒரு வாயில்லாச் சீவனின் துன்பத்தை அந்த இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. யானை விரும்பி வந்த தொண்டு அல்ல அது.

2017 இல் இந்தியாவின் புனே நகரில் விநாயகர் சதுர்த்திக்கு ஒரு நிறுவனம் தொழிற்சாலை இயந்திரக் கையைக் கொண்டு பிள்ளையாருக்கு ஆரத்தி காட்டியது. கை ஆடவில்லை, நடுங்கவில்லை, மிக ஒழுங்காக வட்டமிட்டது. சுற்றி நின்றவர்கள் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். அந்தக் கை யாருடைய துன்பத்தை நீக்கியது என்று யோசித்துப் பார்த்தேன். ஆரத்தி காட்டுவது ஒருவருக்குத் துன்பமாக இருந்தால் அவர் செய்யவேண்டியது வேறு.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். அயலூரில் தனியே வாழ்ந்த ஒரு தாயார் சென்ற ஆண்டு இறைபதம் எய்தினார். வயது எண்பதைத் தாண்டியவர். கை நடுக்கம். திரி போட்டால் எண்ணெய் சிந்திவிடும். லண்டனில் இருக்கும் மகன் வீட்டு முன்விறாந்தையிலும் சாமிப்படத்தின் முன்னும் கைத்தொலைபேசியால் இயக்கும் மின்குமிழ்களைப் பூட்டிக் கொடுத்திருந்தார். தீபாவளியன்று விடிகாலை ஐந்து மணிக்குத் தாயார் எண்ணெய் வைத்து முழுகி வரும் நேரம் விளக்குகள் எரியும். அப்போது லண்டனில் முதல்நாள் இரவு பதினொன்றரை. மகன் வேலை முடிந்து வந்து, நித்திரை கொள்ளாமல் காத்திருந்து அழுத்துவார். அடுத்த வீட்டாரிடம் அந்தத் தாயார் "மகன் லண்டனில இருந்து விளக்குப் போட்டுட்டான்" என்று சொல்வதைக் கேட்டால், எந்த நெய்விளக்கும் அதற்கு ஈடாகாது என்றே தோன்றும். நான் அதை இன்றும் குறையாகச் சொல்லமாட்டேன். அழுத்திய விரலில் நினைவு இருந்தது.

அந்தக் கருவியில் இன்னொரு வசதியும் இருந்தது. நாளையும் நேரத்தையும் ஒருமுறை குறித்து வைத்தால் பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பண்டிகைக்கும் தானாகவே எரியும். இரவு வேலை, பிள்ளைகள் படிப்பு, மகனும் பாவம், அவ்வாறு குறித்து வைத்துவிட்டார். தாயாருக்கு அது தெரியாது. வெளிச்சத்தில் வித்தியாசமில்லை. அவர் முன்போலவே "மகன் போட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாயார் காலமான பின் வீடு பூட்டப்பட்டது. துடக்கு வீடு, அவ்வருடம் தீபாவளி கொண்டாடக்கூடாது. ஆனால் தீபாவளி விடிகாலை ஐந்து மணிக்குப் பூட்டிய வீட்டில் விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. அயலவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் மதிலேறிப் போய் மின்சார இணைப்பைத் துண்டித்தார். மகனே இதை எனக்குத் தொலைபேசியில் கூறினார், அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகின்றேன். எழுதுங்கள் ஐயா, மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றார்.

இதைக் கேட்டபின் என் எண்ணத்தில் கோடு வேறிடத்தில் விழுந்தது. எண்ணெயா மின்சாரமா என்பதில் கோடு இல்லை. அருகில் இருந்தா தூரத்தில் இருந்தா என்பதிலும் இல்லை. நினைத்து அழுத்திய பொத்தானுக்கும், இனி நினைக்கத் தேவையில்லை என்று குறித்து வைத்த நேரத்துக்கும் இடையில்தான் அது இருக்கிறது. அப்படிப் பார்த்தால், சம்பளத்துக்கு அவசர அவசரமாக ஏற்றப்படும் எண்ணெய் விளக்கும் இதே குற்றச்சாட்டுக்கு ஆளாகும் என்று நீங்கள் சொல்லலாம். ஆகும்தான். ஆனால் அவசரமாக வந்தவர் நாளை நின்று நிதானமாக ஏற்றக்கூடும். கருவிக்கு அந்த நாளை கிடையாது.

நேரலைக் கமராவுக்கும் இதே அளவுகோலைப் பிடிக்கலாம். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்து, அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டை வீட்டுக்குள்ளேயே கழித்தோம். நல்லூர்த் திருவிழாவே கட்டுப்பாடுகளோடு நடந்தது. அக்காலத்தில் திரையில் தெரிந்த தீபாராதனை எத்தனையோ பேருக்கு மருந்தாக இருந்தது. இன்றும் எமது மார்கழித் திருவெம்பாவைப் பூசை காலை ஐந்து மணிக்கு என்றால் ரொறொன்ரோவில் முதல்நாள் மாலை ஆறரை மணி. வேலையால் வந்து, குளித்து, பிள்ளைகளையும் இருத்திப் பார்க்கிறார்கள். பூசலார் நாயனார் மனத்திலே கோவில் கட்டியதை ஏற்றுக்கொண்ட இறைவன் இதையும் ஏற்பான். ஆனால் கோவிலில் இருந்து நாலு வேலி தள்ளியிருப்பவர் கட்டிலில் சாய்ந்தபடி அதே திரையைப் பார்க்கத் தொடங்கினால், அது கமராவின் குற்றமன்று என்றாலும், கமரா வந்ததால் வந்த வினை. கதிர்காமத்துக்குப் பஸ் ஓடுகிறது. ஆயினும் உகந்தை மலையிலிருந்து குமண, யால காட்டு வழியே ஆயிரக்கணக்கானோர் நடந்தே போகிறார்கள். பாண்டிருப்பிலே திரௌபதை அம்மனுக்கு விரதமிருந்து தீ மிதிப்பவர்களுக்கும் பாதணி வாங்க வசதியில்லாமல் இல்லை.

இனி மேள இயந்திரம். இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம், ஆனால் எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அடிப்பதற்கு ஆள் இல்லை, அதனால் இயந்திரம் என்கிறோம். ஆள் ஏன் இல்லை? எமது பகுதியிலே தலைமுறை தலைமுறையாகப் பறைமேளம் அடித்த குடும்பங்கள் இருந்தன. சடங்கு தொடங்குவதே அவர்களது மேளத்தோடுதான். அறுவடை முடிந்தால் ஏதோ கொஞ்சம் நெல் அளந்து கொடுப்பார்கள். கோவிலுக்குள்ளே அவர்களுக்கு இருக்க ஓர் இடம் கொடுத்தது கிடையாது. மழை பெய்தாலும் வெளியே நின்றுதான் அடித்தார்கள். பிள்ளைகள் படித்தார்கள், உத்தியோகம் பெற்றார்கள், மேளத்தை இறக்கி வைத்தார்கள். சரியான காரியம். வேறென்ன செய்வது? இப்போது ஊர் கூடி, மேள இயந்திரத்துக்குச் சீமெந்து மேடை கட்டுவது, தூசு படாமல் பட்டுத்துணி போர்ப்பது என்று திட்டம் போடுகிறது. அடித்த மனிதருக்கு ஒரு பாய் விரித்திருந்தால் அந்த மேடைக்குத் தேவை வந்திராது.

ஆகவே அந்த இயந்திரம் வாங்கும் பணத்தில் மேளமும் உடுக்கும் சேமக்கலமும் வாங்கி, கற்பிக்கக்கூடிய ஒருவரை மரியாதையோடு அழைத்து, மாதச் சம்பளம் கொடுத்து, எந்தக் குடியைச் சேர்ந்த பிள்ளையானாலும் பழகலாம் என்று வைப்போமா என அன்பர்களுக்குக் கடிதம் எழுதியுள்ளேன். லண்டனில் இருந்து சம்மதம் வந்துவிட்டது. சுவிஸ் அன்பர்கள் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழகினவர்கள் மண்டபத்துக்கு உள்ளே இருந்துதான் அடிப்பார்கள் என்பதையும் தீர்மானத்தில் எழுத வேண்டும் என்பது எனது கோரிக்கை. இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். வரட்டும், கூட்டத்தில் பேசுவோம்.

வீதி விளக்குகளையும் கமராவையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது எனது அபிப்பிராயம். கமரா மூலஸ்தானத்தை நோக்காமல் வசந்த மண்டபத்தை நோக்கட்டும் என்று குருக்கள் ஐயா கூறியுள்ளார். விளக்கின் நிறம் மாறுவதெல்லாம் பிள்ளைகளின் விருப்பம். ஆனால் இரவு பதினொரு மணிக்குப்பின் அணைய வேண்டும், பக்கத்து வீட்டில் நோயாளி இருக்கிறார். தூண்டாமணி விளக்கு எண்ணெயில்தான் எரிய வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஊரின் தென்னை எல்லாம் படுத்துவிட்டது. சில வாரங்களில் வந்த விளக்கீட்டுக்கு, விழுந்த மரங்களின் தேங்காயிலேயே எண்ணெய் வடித்து, கூரையில்லாத வீடுகளின் வாசலில் சிரட்டையில் விளக்கு வைத்தார்கள். இன்று கோவிலுக்கு மாதம் சில போத்தல் எண்ணெய் செலவு. கணக்கைப் பார்ப்பவன் நான்தான், தாங்கும்.

ஒரு விடயம் பாக்கி. நாளாந்த உச்சிக்காலப் பூசைக்குக் குருக்கள் ஐயா தனியாகத்தான் நிற்கிறார். ஒரு கையில் தீபம், மறு கையில் கைமணி. கண்டாமணியை அடிக்க ஆளில்லை. அந்த நேரம் எல்லோரும் வயலில், கந்தோரில், பாடசாலையில். இதற்காவது இயந்திரம் வேண்டாமா என்று ஐயா நியாயமாகவே கேட்டார். கிழமைக்கு ஏழு நாள், ஒரு நாளுக்கு ஒருவர், பத்து நிமிடம் போதும் என்று சொல்லி மூன்று மாத தவணை கேட்டிருக்கின்றேன். ஆலய அலுவலகத்தில் ஒரு கொப்பி வைக்கப்பட்டுள்ளது. ஓய்வுபெற்றவர்கள் நால்வரும் ஒரு தையல்கார அம்மாவும் பெயர் எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு அடியேன் பெயர் இருக்கிறது. இம்மலர் அச்சுக்குப் போகும் இந்நேரம் வரை செவ்வாயும் வியாழனும் வெறுமையாக உள்ளன.